தட்டில் இருந்த குரல்

எமரால்டு பஜாரில் என் கடை இருக்கும் இடத்திலிருந்து ஏரி தெரியாது. ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் ஏரிப் பக்கமிருந்து ஏறி வரும் மூடுபனி, கேரட் மூட்டை ஏற்றிக்கொண்டு நிற்கும் லாரிகளையும், எதிர் டீக்கடையின் பாய்லரையும், பஸ்ஸுக்கு நிற்பவர்களின் குல்லாய்களையும் ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டு வந்து, கடைசியில் என் மேஜையில் பரப்பி வைத்திருக்கும் கருவிகளின் மேல் மெல்லிய ஈரமாகப் படிந்துவிடும். இருபத்தைந்து வருஷங்களாக இந்த ஈரத்தோடுதான் என் தொழில் நடந்து வருகிறது. ரேடியோவும் டேப்ரெக்கார்டரும் பழுதுபார்க்கத் தொடங்கியவன் நான். பிறகு தொலைக்காட்சி வந்தது, செல்போன் வந்தது. 2011-ஆம் ஆண்டு முதல் அரசாங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய பிறகு, தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளிலிருந்தும் படுகர் கிராமங்களான ஹட்டிகளிலிருந்தும் லேப்டாப்புகள் என் கடைக்கு வரலாயின. அவற்றைத் தொடுவதற்கு முன்னால் கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு கடையில் ஆறு மாத காலம் சம்பளமில்லாமல் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன்.

என் தகப்பனார் சேலம் பக்கத்திலிருந்து குந்தா மின்திட்ட வேலைக்காக இந்த மலைக்கு வந்தவர். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தேசத்தின் உதவியோடு நடந்த அந்த மகத்தான வேலையில், எமரால்டு, அவலாஞ்சி அணைகளுக்காகக் கல் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். 1960-இல் குந்தாவின் முதல் மின்நிலையங்கள் சுழலத் தொடங்கியபோது, பாறையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இறங்கிய தண்ணீர் மின்சாரமாக மாறி மலைக்குக் கீழே போன அதிசயத்தை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். ஏறக்குறைய அதே காலத்தில், 1956-இல், அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனத்தார் தகவலைச் சுழலும் தட்டுகளில் எழுதி வைக்கும் முதல் இயந்திரத்தை வெளியிட்டார்கள். இருபத்து நான்கு அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள், ஒரு டன் எடை. அவ்வளவு பெரிய உருவத்தில் அடங்கியவை ஐம்பது லட்சம் எழுத்துகள்தாம். இன்றைக்கு ஒரு செல்போன் பிடிக்கும் ஒரே ஒரு படத்துக்கு அந்த இடம் போதாமற் போகலாம். அந்த இயந்திரத்தின் வம்சத்தில் வந்து, உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சுருங்கியதுதான் லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க்.

அதன் அந்தரங்கத்தைச் சற்று விவரித்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அது தெரியாததால்தான் ஜனங்கள் அதைக் கொன்றுவிடுகிறார்கள். இரண்டரை அங்குலத் தட்டு ஒன்றோ இரண்டோ, நிமிஷத்துக்கு 5,400 சுற்று வீதம், அதாவது வினாடிக்குத் தொண்ணூறு தடவை சுழல்கிறது. தட்டின் வெளி ஓரம் அப்போது மணிக்கு அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. எமரால்டிலிருந்து ஊட்டிக்குப் போகும் வளைவுப் பாதையில் எந்தப் பஸ்ஸும் அந்த வேகத்தைத் தொடாது. இந்த ஓட்டத்தின் மேலே, எழுதவும் படிக்கவும் செய்கிற தலை, தட்டைத் தொடாமல் ஒரு காற்றுப் படலத்தின் மீது மிதக்கிறது. மிதக்கும் உயரம் சில நானோமீட்டர்கள். நம் தலைமுடி ஒன்றின் கனமே எழுபது எண்பதாயிரம் நானோமீட்டர். புகையின் ஒரு துகள் நடுவே புகுந்தாலும் தலை அதன்மேல் ஏறி விழுந்து தட்டைச் சுரண்டிவிடும். மலை உயரத்தில் காற்று மெலிந்திருக்கிறதே, அதனால் தலை விழுந்துவிடாதா என்று கல்லூரி மாணவன் ஒருவன் என்னை ஒருமுறை கேட்டான், நல்ல கேள்வி. உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் 3,048 மீட்டர் வரை பயமில்லை என்கிறார்கள். தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். ஆகையால் உயரம் நமக்குச் சத்துரு ஆகாது, ஈரமே சத்துரு.

இந்த ஞானமெல்லாம் எனக்குத் தொடக்கத்தில் இருந்ததில்லை. கணினித் தொழிலுக்கு வந்த புதிதில், தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் இலை எடை போடும் ஒருவர், பிறந்து சில மாதங்களில் இறந்துபோன தம் குழந்தையின் படங்கள் இருந்த கணினியைக் கொண்டுவந்தார். திறப்பதற்கு வெகுநேரம் எடுக்கிறது என்பது மட்டுமே அவர் சொன்ன குறை. திரையில் விண்டோஸ், பிழைகளைச் சோதித்துச் சரிசெய்யட்டுமா என்று கேட்டது. நானும் சரியென்று அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். அது சரிசெய்வதாகச் சொன்னதன் அர்த்தம், படிக்க முடியாத இடங்களில் இருந்த கோப்புகளைக் கத்தரித்து அட்டவணையைத் திருத்தி எழுதுவது என்று எனக்கு அன்று தெரியாது. செத்துக்கொண்டிருந்த டிஸ்கை நான்கு மணி நேரம் படிக்கவும் எழுதவும் வைத்து, மிச்சமிருந்த பிராணனையும் போக்கிவிட்டேன். மறுநாள் அவர் வந்தபோது என்னால் கொடுக்க முடிந்தது, குழந்தையின் நெற்றியும் ஒரு பக்கத்துக் காதும் தெரிந்து, கீழே முழுவதும் சாம்பல் நிறமாகிப் போயிருந்த ஒரே ஒரு படம். அதை அவர் பிரிண்ட் போட்டுத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார். என்னை ஒரு வார்த்தை கோபித்துக்கொள்ளவில்லை. அன்று முதல், பழுதான டிஸ்கில் வைத்தியம் செய்வதில்லை என்ற விரதத்தை நான் மேற்கொண்டிருக்கிறேன். முதலில் அதிலிருந்து பிரதி எடுக்க வேண்டும். சோதனை, சிகிச்சை, ஆராய்ச்சி எல்லாவற்றையும் அந்தப் பிரதியின் மேல்தான் செய்ய வேண்டும்.

இனி, 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து விருத்தாந்தத்துக்கு வருகிறேன். அந்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பக்கத்து அவலாஞ்சியில் இருபத்து நான்கு மணி நேரத்தில் தொள்ளாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது; சென்னைப் பட்டணத்துக்கு வருஷம் முழுவதும் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஒரு பகலும் ஓர் இரவும் ஆவதற்குள் இங்கே இறங்கிவிட்டது. மண் சரிந்து பாதைகள் அடைபட்டன, விளக்கு இல்லை, காய்கறிப் பாத்திகள் இருந்த இடத்தில் சேறு இருந்தது. எல்லாம் ஓரளவு அடங்கி, கடையை நான் திறந்த இரண்டாம் நாள், பக்கத்து ஹட்டியைச் சேர்ந்த இளைஞரான பள்ளி ஆசிரியர் ஒருவர் லேப்டாப்பைக் கம்பளிச் சால்வையில் சுற்றி, குழந்தையை ஏந்துவதுபோல இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

"அண்ணா, அலமாரி மேல கூரை ஒழுகிருச்சு. லேப்டாப்புக்குள்ள தண்ணி போகல, ஆனா மூணு நாளா நமுத்துக் கெடந்துருக்கு. ராத்திரி பூரா அடுப்புப் பக்கத்துல வெச்சுக் காய வெச்சேன். காலைல போட்டா டிக் டிக்குன்னு சத்தம் வந்துச்சு. இப்ப அந்தச் சத்தமும் இல்ல."

"எத்தன வாட்டி போட்டீங்க சார்?"

அவர் கணக்குப் பார்த்துச் சொன்னார்: "பத்துப் பன்னெண்டு வாட்டி இருக்கும்."

மலை ஜனங்களுக்கு அடுப்பே சகல ரோக நிவாரணி. நனைந்த விறகும், கம்பளியும், பள்ளிக்கூடப் புத்தகமும் அங்கேதான் காய்கின்றன. லேப்டாப்பை மட்டும் அங்கே வைக்கக் கூடாதென்று யார் அவருக்குச் சொல்லியிருக்கப் போகிறார்கள்? ஆனால் சூட்டில் ஈரம் வெளியே போவதற்குப் பதிலாக இண்டு இடுக்குகளுக்குள் ஆவியாகப் புகுந்து, குளிர்ந்ததும் அங்கேயே துளியாகிவிடும். டிஸ்கின் மூடியில் ஊசிமுனை அளவுக்கு ஒரு சுவாசத் துவாரம் இருக்கிறது. அடைக்காதீர்கள் என்று பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். டிஸ்கை உறைபெட்டியில் ஓர் இரவு வைத்தால் உயிர் பெறும் என்று சிலர் சொல்லித் திரிகிற யோசனையும் இதே காரணத்தால் ஆபத்தானது. எடுத்தவுடன் தட்டின் மேல் பனி பூக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டேன். ஐந்து வருஷங்களாகத் தம் பாட்டியைப் பாடச் சொல்லிப் பதிவு செய்த பாட்டுகள் என்றார்: தாலாட்டு, பழங்கதைப் பாட்டு, சாவு வீட்டில் பாடும் புலம்பல், ஏர் ஓட்டும்போது தாத்தா பாடி பாட்டிக்கு ஞாபகமிருந்தவை. பாட்டி முந்தின வருஷம் காலமாகிவிட்டாள். படுகு மொழிக்கு 1992-இல் பால் ஹாக்கிங்ஸும் கிறிஸ்டியான் பிலோ-ரெய்ச்சூரும் தொகுத்த பெரிய அகராதி இருக்கிறது. வார்த்தைகள் அதில் பத்திரமாக இருக்கும், ஆனால் பாட்டி எந்த வார்த்தையை இழுப்பாள், எங்கே மூச்சு விடுவாள் என்பதை எந்தப் புத்தகத்தில் எழுதுவது என்று அவர் கேட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. லேப்டாப்பிலிருந்து டிஸ்கைக் கழற்றி, காற்றுப் புகாத பிஸ்கோத்து டின்னில், செருப்புக் கடைகளிலிருந்து சேகரித்து வைத்திருக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுக்கு நடுவே வைத்து மூடிவிட்டு, இரண்டு நாள் கழித்து வரும்படி சொன்னேன். பொறுமையிழந்து மறுநாள் மாலையே வந்து நின்றார். டின்னைத் திறக்க நான் சம்மதிக்கவில்லை.

சத்தம் இல்லாமற் போனதில்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை இருந்தது. தலை உடைந்த டிஸ்க் பெரும்பாலும் ஓயாமல் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும். அத்தகைய டிஸ்கை நான் ஒருபோதும் திறப்பதில்லை. தூசியற்ற அறை உள்ள ஆய்வகங்கள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கின்றன, அங்கே அனுப்புங்கள், செலவு பல ஆயிரம் ஆகும், பலன் நிச்சயமில்லை என்று வந்தவரிடம் நேராகச் சொல்லிவிடுவேன். ஆனால் முதலில் அடித்துப் பிறகு சுழலவே மறுக்கும் டிஸ்கில், மின்சாரமே உள்ளே போகாமலிருக்கவும் கூடும். மூன்றாம் நாள் காலை, ஆறுமுனை நட்சத்திரத் திருகுகளைக் கழற்றி, அடியிலிருந்த பச்சை மின்பலகையைத் திருப்பினேன். அதன் உட்பக்கத்தில் மோட்டாருக்குப் போகும் நான்கு புள்ளிகளும், தலைக்குப் போகும் இரண்டு வரிசைப் புள்ளிகளும் இருக்கின்றன. டிஸ்கின் உடலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சின்னஞ்சிறு வில்கள் இவற்றின் மேல் அழுந்தி நிற்பதைத் தவிர வேறு எந்த இணைப்பும் இல்லை. வெள்ளியாக மின்ன வேண்டிய அந்தப் புள்ளிகள், பழைய வெள்ளிக் கொலுசுபோலக் கறுத்து, நடுவில் வில் அழுந்திய இடத்தில் ஒரு சிறு வடு மட்டும் தெரிய இருந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது கறுப்பின் ஓரத்தில் பாசிபோல ஒரு பச்சை.

பள்ளிப் பிள்ளைகள் பென்சிலை அழிக்கும் ரப்பரால் ஒவ்வொரு புள்ளியையும் மெல்லத் தேய்த்தேன். அழுத்தித் தேய்த்தால் பூச்சே உரிந்துவிடும். தேய்க்காமல் விட்டால் படலம் போகாது. பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, காய வைத்து, திருகுகளை மாற்றி மாற்றிச் சமமாக இறுக்கினேன். இதே மாடல் டிஸ்க் ஒன்றிலிருந்து பலகையைக் கழற்றிப் போட்டால் வேலை சுலபமாகுமே என்று சிலர் நினைப்பதுண்டு. ஒவ்வொரு பலகையிலும் உள்ள ஒரு சிறு சில்லில், அந்த டிஸ்கின் தலைகளுக்கே உரிய பிரத்தியேக அளவுகள் எழுதப்பட்டிருக்கின்றன. அந்தச் சில்லையும் பெயர்த்து மாற்றிச் சால்டரிங் செய்யாமல் பலகையை மட்டும் மாற்றினால், ஒருவருடைய மூக்குக்கண்ணாடியை இன்னொருவருக்கு மாட்டியது போலாகும்.

மின்சாரம் கொடுத்தபோது டிஸ்கின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒரு நடுக்கம், பிறகு ஏறிக்கொண்டே போகும் ஒரு மெல்லிய ரீங்காரம், தலை இறங்கும் ஒரே ஒரு ஒலி, அப்புறம் சலனமற்ற ஓட்டம். திரையில் 97,67,73,168 என்ற எண் வந்தது. 500 ஜிபி டிஸ்கில் இருக்க வேண்டிய கட்டங்களின் எண்ணிக்கை அதுதான். அங்கே பூஜ்யம் வந்திருந்தால் டிஸ்க் தன்னையே மறந்துவிட்டது என்று அர்த்தம். டிஸ்க் தன்னைப்பற்றித் தானே குறித்து வைத்துக்கொள்ளும் ஸ்மார்ட் கணக்கையும் பார்த்தேன். படிக்க முடியாமல் ஐயத்துக்கிடமாக நிற்கும் கட்டங்கள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. ஆகவே டிஸ்க் பிழைத்துவிடவில்லை, சிறிது அவகாசம் கொடுத்திருக்கிறது, அவ்வளவே. ஆசிரியர் பக்கத்தில் நின்றுகொண்டு, "பாட்டு இருக்கான்னு ஒரு தடவ மட்டும் திறந்து பாத்துரலாமா அண்ணா?" என்றார். அவருடைய ஆவல் எனக்குப் புரிந்தது, ஆனாலும் மறுத்துவிட்டேன். விண்டோஸ் அந்த டிஸ்கைக் கண்டவுடன் கேட்காமலே எதையாவது எழுதத் தொடங்கும்.

லினக்ஸில் இயங்கும் டிடிரெஸ்க்யூ என்ற நிரலை, ஸ்பெயின் தேசத்து அந்தோனியோ தியாஸ் தியாஸ் என்பவர் எழுதி உலகத்துக்குத் தானமாகக் கொடுத்திருக்கிறார். நான் நேரில் காணாத மனிதர்களில் நான் மிகுந்த மரியாதை வைத்திருப்பவர்களில் அவர் ஒருவர். அது பழுதான டிஸ்கை நடத்தும் விதம், மிக வயதான ஒருவரிடம் பேசத் தெரிந்தவர் பேசும் விதம் போன்றது. சுலபமாகப் படிக்கக்கூடிய பகுதிகளை முதலில் படித்துப் புதிய டிஸ்கில் எழுதிக்கொள்கிறது. தடங்கல் வந்த இடத்தில் மல்லுக்கட்டாமல் தாண்டிப் போகிறது. பிறகு கடைசியிலிருந்து தொடக்கத்தை நோக்கி வருகிறது. எல்லாம் முடிந்த பிறகே கடினமான இடங்களின் ஓரங்களைக் கட்டம் கட்டமாகச் சுரண்டிப் பார்க்கிறது. எதைப் படித்தோம், எதை விட்டோம் என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைத்துக்கொள்வதால், நடுவில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த வாரத்தில் மின்சாரம் எத்தனை முறை போயிற்று என்பதை நான் எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த வரைபடமே எங்களைக் காப்பாற்றியது.

முதல் நாளிரவே தொண்ணூறு சதவீதம் வந்துவிட்டது. மிச்சத்துக்கு எட்டு நாள் ஆயிற்று. டிஸ்கைச் சமமாகப் படுக்க வைத்து, பக்கத்தில் ஒரு சிறு விசிறியை ஓடவிட்டு, மேஜையை யாரும் தொடாதபடி சாக்கை மடித்து அடியில் போட்டிருந்தேன். இரவில் கடையிலேயே படுத்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் ரீங்காரம் திடீரென்று இறங்கி ஒரு டிக் ஒலி கேட்டது; எழுந்து மின்சாரத்தைத் துண்டித்து, நான்கு மணி நேரம் ஓய்வு கொடுத்து மறுபடி தொடங்கினேன். ஆசிரியர் தினமும் பள்ளி விட்டதும் வந்து எண்களைப் பார்த்துவிட்டுப் போவார். ஒரு நாள், இதைவிடக் கெட்டுப்போன டிஸ்கிலிருந்து யாராவது எடுத்திருக்கிறார்களா என்று கேட்டார். 2003-இல் கொலம்பியா விண்வெளி ஓடம் வானத்தில் சிதறி விழுந்தபோது, கருகிப்போன ஒரு 400 எம்பி டிஸ்க் கிடைத்ததையும், அமெரிக்க ஆய்வகம் ஒன்று அதன் தட்டுகளைச் சுத்தம் செய்து வேறு உடலில் பொருத்தி, ஸீனான் வாயுவைப் பற்றிய பரிசோதனையின் தகவலை ஏறக்குறைய முழுவதும் மீட்டதையும், அதன் முடிவுகள் 2008-இல் விஞ்ஞான இதழில் வெளிவந்ததையும் சொன்னேன். அந்த டிஸ்கை யாரும் பத்துப் பன்னிரண்டு முறை போட்டுப் பார்க்கவில்லை என்பதை நான் சேர்த்துச் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் நிறுத்தினேன். படிக்க முடியாமல் நின்றது 38 எம்பி. அதற்குமேல் வற்புறுத்துவது நியாயமாகத் தோன்றவில்லை. துரதிருஷ்டவசமாக, அந்த 38 எம்பியில் ஒரு பகுதி, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையின் மேலேயே விழுந்திருந்தது. பாட்டுகள் இருந்த அடைவைப் பிரதியில் திறந்தால் வெறுமையாக இருந்தது. அப்போது பிரெஞ்சுக்காரரான கிறிஸ்தோஃப் கிரெனியேயின் ஃபோட்டோரெக் என்ற நிரலைப் பிரதியின் மேல் ஓட்டினேன். அது பெயர்களைப்பற்றிக் கவலைப்படாமல், தட்டின் முதல் கட்டத்திலிருந்து கடைசி வரை நடந்து, எம்பி3 கோப்பின் தொடக்கம் எப்படி இருக்கும் என்ற அடையாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்கிறது. துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட கோப்புகள் அதற்குச் சரியாக அகப்படுவதில்லை. அகப்பட்டவற்றுக்கு அது வைக்கும் பெயர், எஃப் என்ற எழுத்தும் அந்தக் கோப்பு தட்டில் எந்தக் கட்டத்தில் தொடங்கியதோ அந்த எண்ணும். இவ்விதமாக, பாட்டியின் பாட்டுகள் தங்கள் பெயர்களை இழந்து, இருந்த இடத்தின் எண்ணையே பெயராகச் சூடிக்கொண்டு திரும்பி வந்தன.

மொத்தம் 143 பதிவுகள் இருந்ததாக ஆசிரியர் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார், 129 வந்தன. இரண்டு புலம்பல்கள் எங்கேயும் இல்லை. ஏர்ப்பாட்டு ஒன்று பாதியில் அறுந்து, அதன் பின்னே செல்போன் விளம்பரத்து இசை ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் அவர் என் கடையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கோப்பாகக் கேட்டு, இன்னது என்று சொல்லச் சொல்ல நான் பெயரைத் தட்டச்சு செய்தேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எனக்குப் படுகு மொழி பாதிதான் விளங்கும். ஆயினும் அந்தக் குரலின் அடியில் விறகு வெடிக்கும் ஒலியும், எங்கோ ஒரு நாய் குரைப்பதும், மழை தகரத்தில் விழுவதும் எனக்கும் விளங்கின.

இப்போது வரும் லேப்டாப்புகளில் சுழலும் தட்டு இல்லை. எஸ்எஸ்டி என்கிற சில்லுகள்தாம். அவை சாகும்போது எந்த ஒலியும் எழுப்புவதில்லை. அழித்த கோப்புகளையும் தாமே உள்ளே துடைத்துவிடுகின்றன. என் விரலும் காதும் கற்றது அங்கே அதிகமாகப் பயன்படாது. ஆகவே கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், இன்னொரு பிரதி வேறு வீட்டில் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். ஆசிரியர் மூன்று பிரதிகள் எடுத்துக்கொண்டார். ஒன்று குன்னூரில் அக்காள் வீட்டில் இருக்கிறது.

மூன்றாம் ஞாயிறு மாலை, கடைசிக்கு முந்தின கோப்பு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டி ஏதோ ஒரு பழங்கதையை நீட்டி இழுத்துப் பாடிக்கொண்டிருந்தவள், சட்டென்று நிறுத்தி, வேறு குரலில், வேகமாக நாலு வார்த்தை சொன்னாள். பாத்திரம் ஒன்று உருளும் ஓசை. யாரோ எழுந்து ஓடும் காலடி. சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு விட்ட அடியிலிருந்தே பாட்டு தொடர்ந்தது. என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"பால் பொங்குது, போய் இறக்குடான்னு என்னத்தான் சொல்றா. இந்த எடத்த வெட்டிரணும்னு அப்பவே நெனச்சேன் அண்ணா, அப்புறம் விட்டுட்டேன்."

கோப்புக்கு என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டேன். கதையின் பெயரைச் சொல்ல வாயெடுத்தவர், கொஞ்சம் நின்று, "பால் இறக்கச் சொன்ன பாட்டுன்னு போடுங்க" என்றார். அப்படியே தட்டச்சு செய்தேன்.